தூம்பு அடைபட்ட பள்ளிவாசல்

ஷஅபான் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் பின்முற்றத்தில் சுண்ணாம்பு நீற்றும் வேலை தொடங்கிவிடும். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டி நீர் வார்த்ததும் அது கொதித்துப் பொங்கும். சிறுவர்களாகிய நாங்கள் எட்ட நின்று வேடிக்கை பார்ப்போம். கிட்டே போனால் மோதினார் கம்பை எடுத்துவிடுவார். மறுநாள் அந்தப் பாலைத் துணியில் வடிகட்டிச் சிறிது நீலம் கலப்பார்கள். இஷாத் தொழுகை முடிந்த பிறகும் விளக்கு வெளிச்சத்தில் நார்மட்டையால் வெள்ளையடிப்பு நடக்கும். கொத்தனார் ஒருவர் மேற்பார்வை பார்ப்பார். மற்றவர்கள் எல்லோரும் ஊர்க்காரர்களே: கடைக்காரர், மீன் வியாபாரி, விடுமுறையில் வந்திருக்கும் சபுராளி, பள்ளிக்கூட வாத்தியார். என் வாப்பாவுக்கு உயரம் ஆகாது. ஆகையால் அவருக்கு ஆண்டுதோறும் ஏணியைப் பிடித்துக்கொள்ளும் வேலைதான் வாய்க்கும்.

வெள்ளையடிப்பதற்கு முன் இருவர் மேல்தளத்தில் ஏறி, மழைநீர் வடியும் கல்தூம்புகளில் அடைந்திருக்கும் சருகையும் புறாக்கூட்டையும் கம்பியால் குத்தி வெளியேற்றுவார்கள். கீழே நிற்பவர்கள் மேல் சருகு கொட்டும். அப்போது எழும் கூச்சலும் சிரிப்பும் இன்னும் என் காதில் இருக்கின்றன.

பின்னர் ஒரு காலத்தில், 'ஆண்டுக்காண்டு இந்தத் தொல்லை எதற்கு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெயிண்ட் அடித்தால் போதுமே' என்ற யோசனை வந்தது. ஒப்பந்தக்காரர் வந்தார். கருங்கல் தூண்களுக்கும் எனாமல் பூசப்பட்டது. வெள்ளையடிப்பு நின்றது, அதோடு தூம்பு குத்துவதும் நின்றது. அது ஒரு தனி வேலை என்று எவரும் கருதியிருக்கவில்லை. வெள்ளையடிப்போடு ஒட்டிக்கொண்டு நடந்துவந்தது, அவ்வளவே. சில ஆண்டுகளில் கூரை ஒழுகத் தொடங்கிற்று. 'பழைய கட்டடம் தாங்காது' என்ற பேச்சு கிளம்பியது. இறுதியில் பள்ளி இடிக்கப்பட்டு, அதே இடத்தில் குவிமாடமும் இரட்டை மினாராவும் கொண்ட புதிய பள்ளி எழும்பிற்று. பழைய தூண்களில் எஞ்சியவை மையவாடியின் சுவரோரம் படுத்துக் கிடக்கின்றன.

அந்த முடிவை எடுத்தவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்கள் நல்லெண்ணத்தோடு, தம் கைப்பணத்தையும் போட்டுத்தான் அதைச் செய்தார்கள். நானும் நன்கொடை கொடுத்தவன். எனினும் நாங்கள் எதை இழந்தோம் என்பது, ஆப்பிரிக்காவில் மண்ணாலேயே கட்டப்பட்ட ஒரு பள்ளிவாசலைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில், பானி ஆற்றின் வெள்ளச் சமவெளியில் இருக்கிறது ஜென்னே என்னும் ஊர். ஆற்றில் வெள்ளம் பெருகும் மாதங்களில் அது ஏறக்குறைய ஒரு தீவாகிவிடும். சுற்றுவட்டாரத்தில் கட்டுவதற்கு ஏற்ற கல் இல்லை. மண்ணும் பனைமரமும் வைக்கோலும் நெல் உமியும்தான் உண்டு. ஆகவே அவ்வூர் மக்கள் தம் வீடுகளையும் பள்ளிவாசலையும் மண்ணால் கட்டினர். மண்ணால் கட்டியது என்றதும் குடிசை போன்ற ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டாம். மூன்று மீட்டர் உயர்ந்த மேடைமீது நிற்கிறது அப்பள்ளி. கிப்லாச் சுவரில் மூன்று பெரிய கோபுரங்கள்; அவற்றில் நடுவிலுள்ளது ஏறத்தாழ பதினாறு மீட்டர் உயரம். கோபுர உச்சியில் தீக்கோழி முட்டைகள் பொருத்தப்பட்டுள்ளன. உள்ளே கூரையைத் தாங்கத் தொண்ணூறு பருத்த மண்தூண்கள். வெளிச்சுவர் முழுவதும் பனைக் கழிகள் வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். அயலார் அவற்றை அலங்காரம் என்றே எண்ணுவர். அலங்காரம்தான், ஆயினும் அவற்றின் முதன்மையான பயன் வேறு. ஆண்டுதோறும் சுவர் பூசும்போது ஆட்கள் ஏறி நிற்பதற்கான நிலையான சாரம் அது. கட்டும்போதே, இதை ஒவ்வோர் ஆண்டும் நம் பிள்ளைகள் ஏறிப் பூச வேண்டியிருக்கும் என்று எண்ணிச் செருகி வைத்திருக்கிறார்கள்!

மண் சுவர் மழைக்குக் கரையும். எனவே மழைக்காலம் தொடங்குமுன், பெரும்பாலும் ஏப்ரல் வாக்கில், ஊரே கூடிப் பள்ளிக்குப் புதுப்பூச்சுப் பூசுகிறது. அதற்குப் பல நாள் முன்னரே ஆற்றுக் களிமண்ணைக் குழிகளில் கொட்டி, நெல் உமி சேர்த்து, நீர்விட்டுப் புளிக்க வைக்கிறார்கள். சிறுவர்கள் அந்தக் குழியில் இறங்கி மிதித்து விளையாடுவதே மண்ணைப் பதப்படுத்தும் வேலையாகிவிடுகிறது. பூச்சுக்கு முந்திய இரவு முழுவதும் ஊர் உறங்காது. பறையொலியும் பாட்டுமாக விழித்திருக்கும். விடிந்ததும் ஒவ்வொரு பகுதியின் இளைஞர்களும் மண்கூடைகளைச் சுமந்துகொண்டு பள்ளியை நோக்கி ஓடுவார்கள். எந்தப் பகுதி முந்துகிறது என்பதில் கடும் போட்டி. பெண்களும் சிறுமியரும் தண்ணீர் சுமந்து வருவார்கள். அவர்கள் கொணரும் நீர் இல்லையென்றால் மண் குழையாது, வேலையும் நடக்காது. மூத்தோர் ஓரமாக அமர்ந்து, எங்கே பூச்சு மெலிந்திருக்கிறது என்று சுட்டிக்காட்டுவர். இவ்வளவையும் நடத்துவிப்பவர்கள் 'பரெய் தோன்' எனப்படும் அவ்வூர்க் கொத்தனார்களின் சங்கத்தார். தலைமுறை தலைமுறையாகத் தொழில் பயின்ற அவர்கள் சொற்படிதான் ஊர் முழுவதும் அன்றைக்கு இயங்கும். பெரும்பூச்சு சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு ஊரெங்கும் கொண்டாட்டம்.

இதில் என்னை உறுத்திய செய்தி ஒன்று உண்டு. அதே இடத்தில் இதற்கு முன் ஒரு பள்ளிவாசல் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இஸ்லாத்தைத் தழுவிய கோய் கொன்போரோ என்னும் அரசர் தம் அரண்மனையையே பள்ளியாக்கினார் என்று மரபு கூறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாசினாவின் சீர்திருத்தவாதித் தலைவரான ஷைகு அஹ்மது லொப்போ ஜென்னேயைக் கைப்பற்றினார். பழைய பள்ளியின் பகட்டும் அங்கு வழங்கிவந்த பழக்கங்களும் அவருக்கு உவப்பாக இல்லை. அவர் பள்ளியை இடிக்கவில்லை. ஆண்டுப் பூச்சை நிறுத்தினார். கூரைத் தூம்புகளை அடைத்துவிட்டார் என்பது அங்கு வழங்கும் செய்தி. மீதியை மழை பார்த்துக்கொண்டது. 1828இல் அவ்வூருக்கு வந்த ரெனே கையே என்ற பிரெஞ்சுப் பயணி, கைவிடப்பட்ட அந்தப் பள்ளியில் தகைவிலான் குருவிகள் கூட்டம் கூட்டமாகக் குடியிருந்ததை எழுதி வைத்திருக்கிறார்.

இதைப் படித்ததும் எங்கள் ஊர் மேல்தளம் நினைவுக்கு வந்தது. லொப்போ அறிந்தே செய்ததை நாங்கள் அறியாமல் செய்திருக்கிறோம்.

இன்று நிற்கும் ஜென்னேப் பள்ளி 1907இல் கட்டி முடிக்கப்பட்டது. கொத்தனார் சங்கத்தின் தலைவராயிருந்த இஸ்மாயிலா திராவோரே அப்பணிக்குத் தலைமை தாங்கினார். பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சிக் காலம் அது. கட்டாய உழைப்பும் அதில் கலந்திருந்தது. அதை மறைத்துவிட்டு ஊர் ஒற்றுமையை மட்டும் புகழ்ந்து எழுதுவது நேர்மையாகாது. அதைப் போலவே, ஜென்னே மக்கள் எல்லோரும் எப்போதும் மகிழ்ச்சியோடு மண் சுமக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. 1988இல் ஜென்னேயின் பழைய நகரங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அதன் பின், தம் சொந்த வீட்டில் தரைக்கு ஓடு பதிக்கவும் அறையை அகலப்படுத்தவும் விரும்பிய குடும்பங்கள், ஊர் பெருமைப்படுவதற்காக நாங்கள் மண்வீட்டிலேயே இருக்க வேண்டுமா என்று முறையிட்டனர். அந்த முறையீட்டில் நியாயம் இருக்கிறது. 2006இல் வெளியிலிருந்து வந்த வல்லுநர் குழுவினர் பள்ளியின் கூரையைக் குடைந்து ஆராயத் தொடங்கியபோது, தங்களைக் கேளாமல் தங்கள் பள்ளியில் கை வைப்பதா என்று ஊரில் கலவரமே வெடித்தது. பிற்பாடு ஆகா கான் அறக்கட்டளையின் பொருளுதவியோடு சீரமைப்பு நடந்தது. 2009 நவம்பரில் பெய்த கனமழையில் கிப்லாச் சுவரின் தென்கோபுரத்து மேற்பகுதி சரிந்தது. அதுவும் மீண்டும் எழுப்பப்பட்டது. 2016 முதல் 'ஆபத்திலுள்ள பாரம்பரியம்' என்ற பட்டியலில் ஜென்னேயும் இருக்கிறது. நாட்டில் நிலவும் ஆயுத மோதல்களே அதற்கு முக்கியக் காரணம். இத்தனைக்கும் நடுவில் ஆண்டுப் பூச்சு மட்டும் அண்மை ஆண்டுகளிலும் நடந்தே வருகிறது.

அப்படியானால் அந்தப் பள்ளியைக் காத்து நிற்பது எது? யுனெஸ்கோ அன்று, அறக்கட்டளைகளும் அல்ல. அவை உதவின, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒவ்வோர் ஏப்ரலிலும் கூடையைத் தூக்குகிறவன் அவ்வூர் இளைஞன். அவன் ஒருமுறை அந்தச் சுவரில் ஏறிவிட்டால், எந்த மூலையில் விரிசல் இருக்கிறது, எந்தக் கழி இற்றுப்போயிருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. கட்டடக்கலை மரபு என்று நாம் பெரிய சொல்லால் அழைப்பது, உண்மையில் அந்த அறிவைத்தான். அவனுக்கு அது ஒரு விழா நாளில், மண்ணில் புரண்டு சிரித்துக்கொண்டே கிடைத்துவிடுகிறது.

நம் மார்க்கத்துக்கு இது புதிதா என்று கேட்டால், இல்லை. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளி, பச்சைச் செங்கல் சுவரும் பேரீச்ச மரத் தூணும் பேரீச்ச ஓலைக் கூரையும் கொண்டது. அதைக் கட்டியபோது நபிகளாரும் தோழர்களும் தாமே கல் சுமந்தனர். மற்றவர்கள் ஒவ்வொரு செங்கல்லாகச் சுமக்க, அம்மார் (ரலி) அவர்கள் இரண்டிரண்டாகச் சுமந்த செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஒரு ரமளான் இரவில் மழை பெய்து அந்த ஓலைக் கூரை ஒழுக, நபிகளார் ஈர மண்ணிலேயே சுஜூது செய்தார்கள். விடியலில் அவர்களின் நெற்றியில் சேறு படிந்திருந்ததைத் தோழர்கள் கண்டனர். பள்ளியைப் பெருக்கிவந்த ஒருவர் இறந்ததைத் தமக்குத் தெரிவிக்காமல் அடக்கிவிட்டார்கள் என அறிந்து, நபிகளார் அடக்கத்தலத்துக்கே சென்று தொழுகை நடத்திய நிகழ்ச்சியை நாம் எல்லோரும் பயானில் கேட்டிருக்கிறோம். பயானில் கேட்டுவிட்டு, பள்ளியைப் பெருக்குவதற்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறோம்.

பள்ளிகளைப் பரிபாலிப்போரைப் பற்றி அத்தவ்பா அத்தியாயத்தின் 18ஆம் வசனம் பேசுகிறது. அங்கே வரும் அரபுச் சொல்லுக்குக் கட்டுதல் என்று மட்டும் பொருளன்று. செப்பனிடுதல், பேணுதல், மக்கள் நடமாட்டத்தால் உயிர்ப்போடு வைத்திருத்தல் ஆகியவையும் அதனுள் அடங்கும். நாமோ கட்டுதல் என்ற ஒரு பொருளை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டோம். அதனால்தான் புதிய பள்ளிக்கு வசூல் என்றால் வெளிநாட்டிலிருந்தும் பணம் வந்து குவிகிறது. பழைய பள்ளியின் கூரைக்குச் சுருக்கி போட வேண்டும் என்றால் ஜும்ஆவுக்கு ஜும்ஆ துண்டு ஏந்த வேண்டியிருக்கிறது.

இனி நம் கரையோரத்துக்கு வருவோம். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இன்னும் பல ஊர்களிலும் நம் முன்னோர் எழுப்பிய கற்பள்ளிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டுக் கல்தச்சர்கள், தமக்குக் கைவந்த மண்டப அமைப்பையே தொழுகைக்கூடமாக்கித் தந்தனர். சதுரமாகத் தொடங்கி எட்டுப்பட்டையாக மாறும் தூண், அதன் தலையில் பூமொட்டுத் தொங்கும் போதிகை, மேலே கற்பலகை பரப்பிய தட்டைக் கூரை. உருவம் எதுவும் செதுக்கப்படவில்லை. அவ்விடத்தைக் கொடியும் மலரும் வடிவக் கோலங்களும் நிரப்பின. கீழக்கரையின் கற்பள்ளியோடு வள்ளல் சீதக்காதியின் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. அதற்கும் முன்னரே, பதினான்காம் நூற்றாண்டில் மஃபர் நாட்டுக்கு வந்த இப்னு பதூதா, பத்தன் என்று அவர் குறிப்பிடும் துறைமுகத்தில் கல்லால் கட்டிய அழகிய பள்ளி ஒன்றைக் கண்டதாக எழுதியிருக்கிறார். உலகின் பல நாட்டுப் பள்ளிகளைக் கண்டவர் அவர். அவர் கண்ணுக்கு அது குறிப்பிடத்தக்கதாகப் பட்டிருக்கிறது.

இந்தப் பள்ளிகளைப் பற்றி ஆராய்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய முனைவர் ஜெ. ராஜா முகம்மது எழுதியிருக்கிறார். மெஹர்தாத் ஷொகூஹி 2003இல் வெளியிட்ட தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை நூலில் காயல்பட்டினம், கீழக்கரைப் பள்ளிகள் வரைபடங்களோடு இடம்பெற்றுள்ளன. கோம்பை எஸ். அன்வரின் 'யாதும்' ஆவணப்படம் 2013இல் வந்தது. அதைக் கண்ட பிறகுதான், தம் ஊர்ப் பள்ளித் தூணைத் தொட்டுப் பார்த்ததாகச் சொன்ன நண்பர்கள் எனக்கு உண்டு. ஆய்வாளர் அளந்து எழுதிவிட்டுப் போவார். தூம்பில் அடைந்த சருகை எடுக்க அவர் வருவாரா?

இவ்விடத்தில் இரு மறுப்புகள் எழும் என்பதை அறிவேன்.

முதலாவது, மக்கள்தொகை பெருகிவிட்டது, ஜும்ஆவுக்கு இடம் போதவில்லை என்பது. உண்மைதான். அபூபக்ர் (ரலி) அவர்கள் மதீனாப் பள்ளியைக் கூட்டவில்லை. உமர் (ரலி) அவர்கள் அதே பச்சைச் செங்கல்லும் ஓலையும் கொண்டு விரிவாக்கினார்கள். செந்நிறமும் மஞ்சளும் பூசித் தொழுவோரின் கவனத்தைக் கலைக்க வேண்டாம் என்றும் எச்சரித்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் செதுக்கிய கல்லும் தேக்குக் கூரையும் வைத்துப் பெரிதாக்கினார்கள். ஆகவே விரிவாக்கம் சுன்னத்துக்கு முரணானதன்று, பொருள் மாறுவதும் முரணன்று. நான் கேட்பது ஒன்றுதான்: பழைய கூடத்தை இடித்தால்தான் புதிய கூடம் கட்ட முடியுமா? பின்புறமும் பக்கவாட்டிலும் இடமிருந்தும், 'முகப்பு நன்றாக இருக்காது' என்ற ஒரே காரணத்துக்காகக் கற்கூடங்கள் போயிருக்கின்றன. முகப்பில் நாம் வைப்பது பெரும்பாலும் குவிமாடமும் மினாராவும்தான். நபிகளார் கட்டிய பள்ளியில் அவ்விரண்டும் இருக்கவில்லை என்பதை நினைத்துக்கொண்டால், எது அதிக இஸ்லாமியத் தோற்றம் என்ற வாதம் தானே அடங்கிவிடும்.

இரண்டாவது மறுப்பு நுட்பமானது. கல்லையும் தூணையும் இப்படிப் போற்றுவது மார்க்கத்துக்கு உகந்ததா, நாளடைவில் அது கட்டடத்தைப் புனிதமாக்கும் போக்கில் கொண்டுபோய்விடாதா என்று ஆலிம் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருடைய அச்சத்தை நான் மதிக்கிறேன். அக்கல்லுக்கு எந்த ஆற்றலும் இல்லை. ஆனால் அது வக்பு. எவரோ ஒருவர், பெரும்பாலும் பெயர் தெரியாத ஒருவர், அல்லாஹ்வுக்காகக் கொடுத்தது. கொடுத்த பொருள் உறுதியாக இருக்கும்போது அதைக் குப்பையில் தள்ளுவது அமானிதத்தைப் பேணுவதாகுமா என்பதே என் கேள்வி. நான் இதை அந்த ஆலிமிடமும் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. 'யோசிக்க வேண்டியதுதான்' என்றார்.

இப்படித் தொழுகைத்தலங்களைப் பேணும் தன்னார்வச் சங்கங்கள் வேறு சமூகங்களில் வெகுகாலமாக இயங்கி வருகின்றன. இங்கிலாந்தில் 1877இல் வில்லியம் மோரிஸ் என்னும் கவிஞர் தொடங்கிய பழங்கட்டடக் காப்புச் சங்கம் அவற்றில் ஒன்று. சீரமைப்பு என்ற பெயரில் பழைய தேவாலயங்களின் பூச்சைச் சுரண்டி எடுத்துப் புதுப்பித்துக்கொண்டிருந்ததைக் கண்டு சினந்து அவர் அதைத் தொடங்கினார். சுரண்டலுக்கு எதிரானது என்பதே அச்சங்கத்துக்கு வழங்கிய செல்லப்பெயர். பெரும் செலவில் ஒருமுறை புதுப்பிப்பதைவிட, சிறு பழுதுகளை அன்றன்றே பார்ப்பதே மேல் என்பது அதன் கொள்கை. கொள்கை என்று வைத்துக்கொண்டு அச்சங்கம் வாளாவிருக்கவில்லை. பழைய தொழுகைத்தலங்களைப் பார்த்துக்கொள்ளும் சாதாரணத் தன்னார்வலர்களுக்கு, எங்கே நீர் கசியும், எதை எப்போது கவனிக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்புகள் நடத்தியது. இலையுதிர் காலத்தில் ஒரு வாரத்தைப் பராமரிப்பு வாரமாக அறிவித்து, அதில் ஒரு நாளைக் கூரை நீர்த்தாரைகளைத் துப்புரவு செய்வதற்கென்றே ஒதுக்கியது. படித்தபோது சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. எங்கள் ஊரில் இருவர் கம்பியோடு மேலே ஏறியதற்கு இவ்வளவு மதிப்பா!

ஆகவே நம் ஊர்களிலும், கற்பள்ளி எஞ்சியிருக்கும் இடங்களிலாவது, ஜமாஅத்தின் ஒப்புதலோடு ஒரு சிறு குழு அமைய வேண்டும் என்பது என் கருத்து. ஜமாஅத்துக்குப் போட்டியாக அன்று; ஜமாஅத்துக்குத் தோள்கொடுக்க. அக்குழு முதலில் பணம் வசூலிக்கக் கூடாது. பணம் கையில் இருந்தால் செலவழிக்கத் தோன்றும், செலவழித்தால் டைல்ஸ் வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசியிலேயே மேல்தளத்தில் ஏறித் தூம்பு குத்தட்டும். தளத்தில் முளைத்த ஆலஞ்செடியையும் அரசஞ்செடியையும் அவை வேர்விடுமுன் பிடுங்கட்டும். கைப்பேசி இல்லாத வீடு இப்போது இல்லை. ஒவ்வொரு தூணையும் போதிகையையும் படம் பிடித்து, கல்வெட்டு இருந்தால் அதையும் பிடித்து, ஒரு நோட்டில் வரிசை எண்ணோடு எழுதி வைக்கட்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டு.

சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், பெரும்பாலும் முதியவர்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீரைச் சுண்ணாம்புக் காரையில் எந்த அளவில் சேர்ப்பது என்பது அவர்கள் கைக்குத்தான் தெரியும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடக்கூடியது. அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். கடற்கரை ஊர்களில் உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து உதிரும். 'பழைய சுவர், என்ன பூசினாலும் நிற்கவில்லை' என்று நாம் சொல்வதில் பாதி, சிமெண்டைப் பூசியதால் வந்தது. அந்த முதியவர்களில் ஒருவரை அழைத்து, ஓர் உடைந்த மதில் சுவரையாவது நம் பிள்ளைகளோடு சேர்ந்து பூசச் செய்தால், அவர்களின் கைக்கணக்கு இன்னொரு கைக்குப் போய்ச் சேரும்.

பெண்களை இதில் மறந்துவிடக் கூடாது. ஜென்னேயில் தண்ணீர் அவர்கள் வழியாகத்தான் வருகிறது. நம் ஊர்களில் எந்த வீட்டார் எந்தக் காலத்தில் பள்ளிக்கு என்ன கொடுத்தார்கள், ஹவுளை யார் வெட்டினார்கள், எந்த ஆண்டுப் புயலில் எந்தச் சுவர் விழுந்தது என்ற வரலாறு பெரும்பாலும் உம்மும்மாக்களின் வாயில்தான் இருக்கிறது. பள்ளியின் பதிவேட்டில் இல்லாதது அவர்கள் நினைவில் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதப் பேத்திகளைவிடத் தகுந்தவர் யார்?

இவற்றோடு வெள்ளையடிப்பு நாளையும் மீட்டெடுக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். கட்டடத்துக்காக மட்டும் அன்று. பள்ளியில் பிள்ளைகள் சத்தம் போட்டால் விரட்டுகிறோம். தொழுகை நேரத்தில் அது தேவையாகவும் இருக்கலாம். ஆனால் ஆண்டில் ஒரு நாளாவது அவர்கள் அங்கே ஓடியாடி, கையில் சுண்ணாம்பு அப்பி, மூத்தவர்களோடு ஒரே தட்டில் உண்டு, 'இந்தச் சுவர் நான் அடித்தது' என்று சொல்லிக்கொள்ள இடம் வேண்டாமா? அப்படிச் சொல்லக்கூடிய ஒருவன் வளர்ந்து ஜமாஅத்தில் அமரும்போது, இடிப்பதற்கான தீர்மானத்தில் அத்தனை எளிதாகக் கையெழுத்திட மாட்டான். நான் கையெழுத்திட்டேன். நான் அடித்த சுவர் அதற்கு வெகுகாலம் முன்பே எனாமலுக்குள் போய்விட்டிருந்தது.

சென்ற மாதம் எங்கள் ஊர் ஜமாஅத்தில் இதைப் பற்றிப் பேசினேன். மையவாடியில் கிடக்கும் தூண்களை எடுத்து, புதிய பள்ளியின் முற்றத்தில் ஹவுளைச் சுற்றி நிழற்கூடமாக நிறுத்தலாம் என்று ஓர் இளைஞர் சொன்னார். பொறியியல் படித்தவர், தூண்களை அளந்தும் வந்திருக்கிறார். முழுமையாக இருப்பவை பதினொன்று. அதற்கு ஆகும் செலவு குறித்து இன்னும் பேச்சு நடக்கிறது. ஆனால் வருகிற ஷஅபானில் மேல்தளத்தைத் துப்புரவு செய்வது உறுதியாகிவிட்டது. புதிய பள்ளியிலும் குவிமாடம் தளத்தோடு சேரும் இடத்தில் ஒழுகுகிறது. இருவர் மேலே ஏற ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஏணியை நான் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன்.